கம்ப்யூட்டரிலிருந்து டேப்லெட்டுக்கு வீடியோ: கேபிளா, பென்டிரைவா, வைஃபையா?

அம்மாவுக்கு டேப்லெட் வாங்கும் வேலை ஒரே நாளில் முடிந்தது. அதில் அக்காவின் கல்யாண வீடியோவைப் போட்டுக் கொடுக்கத்தான் மூன்று வாரம் ஆனது.

கோவையில் என் லேப்டாப்பில் மொத்தம் 20 ஜிபி அளவுக்கு வீடியோக்கள் இருந்தன. 2006இல் நடந்த கல்யாணத்தின் டிவிடி, பேரப்பிள்ளைகள் நடக்கப் பழகியதிலிருந்து பள்ளி ஆண்டு விழா வரை போனில் எடுத்தவை, அப்பா இருந்தபோது எடுத்த இரண்டு சின்ன வீடியோக்கள். அம்மா இருப்பது கோபிசெட்டிப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒரு கோடு காட்டும், திண்ணைக்கு வந்தால் இரண்டு.

அந்த மூன்று வாரத்தில் கேபிள், பென்டிரைவ், மெமரி கார்டு, வைஃபை, கூகுள் டிரைவ் எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். நான் செய்த முதல் தவறு, எது வேகமாகப் போகும் என்று மட்டும் பார்த்தது. வீடியோவை ஏற்றிக் கொடுத்துவிட்டு நாம் கிளம்பிவிடுவோம். அதற்குப் பிறகு டேப்லெட்டைக் கையில் வைத்திருப்பவர் புதிய வீடியோவை எப்படிப் பெறுவார், பழையதை எப்படித் தேடுவார்? இதை முதலில் யோசித்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

காப்பி செய்வதற்கு முன்னால்

எந்த வழியில் அனுப்பினாலும், டேப்லெட்டில் ஓடாத கோப்பாக இருந்தால் பயனில்லை. எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவும் ஏஏசி என்ற முறையில் சுருக்கிய ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பு ஏறக்குறைய எல்லா டேப்லெட்களிலும் ஓடும். எச்.265 பாதி இடத்தில் அதே தரத்தைத் தருகிறது. ஆனால் பழைய அல்லது விலை குறைந்த டேப்லெட்களில் படம் திக்கித் திக்கி ஓடும். எம்கேவி என்ற வகைக் கோப்புகளில் படம் வந்து சத்தம் வராமல் போவதுண்டு. உள்ளே இருக்கும் டிடிஎஸ் அல்லது ஏசி3 ஒலியை டேப்லெட்டோடு வரும் பிளேயர் புரிந்துகொள்ளாததுதான் பெரும்பாலும் காரணம். விஎல்சி என்ற பிளேயர் செயலியைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இலவசம், விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் கிடைக்கிறது.

கல்யாண டிவிடி தனிக் கதை. வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று பீரோவில் கிடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிவிடியைத் திறந்தால் விஓபி என்று முடியும் கோப்புகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள். அப்படியே காப்பி செய்தால் விஎல்சியில் ஓடத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் வீட்டு டிவிடியில் சரியாகத் தாலி கட்டும் இடத்தில் ஒரு கோப்பு முடிந்து படம் நின்றது. அம்மா அடுத்த கோப்பைத் தேடித் தட்டவேண்டும். ஆகவே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டிவிடியின் ஃபோல்டரை மொத்தமாகத் திறந்து ஒரே எம்பி4 ஆக மாற்றினேன். 4 ஜிபிக்கு மேல் இருந்தது ஒன்றரை ஜிபியாகச் சுருங்கியது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதில் இன்னொரு விஷயம் முக்கியம். அந்தக் கால வீடியோ கேமராக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதியாகப் பதிவு செய்தன. பழைய டப்பா டிவியில் இது தெரியாது. டேப்லெட் திரையில் யாராவது கையை வேகமாக அசைத்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பகுதிக்குப் போய் டிஇன்டர்லேஸ் என்பதைப் போட்டுவிட்டு மாற்றுங்கள், அந்தக் கோடுகள் போய்விடும். படத்தின் அளவைப் பெரிதாக்க வேண்டாம், இல்லாத தெளிவு அதனால் வராது. மாற்றிய பிறகும் மூல டிவிடியையும் அதன் முழு நகலையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேபிள்

ஆண்ட்ராய்டு டேப்லெட், விண்டோஸ் லேப்டாப் என்றால் ஒரே நேரத்தில் நிறைய வீடியோ ஏற்றுவதற்கு என் முதல் தேர்வு இதுதான். டேப்லெட்டைச் சொருகி, திரைப் பூட்டைத் திறந்து, மேலேயிருந்து இழுத்தால் சார்ஜ் ஆகிறது என்ற அறிவிப்பு இருக்கும். அதைத் தட்டி ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் டேப்லெட் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லை என்று பலர் கேபிளைக் கைவிடுகிறார்கள். அதை மாற்றியும் தெரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். விலை குறைந்த சில கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பிகள் இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். டேப்லெட்டோடு பெட்டியில் வந்த கேபிளை இதற்கென்றே எடுத்து வையுங்கள்.

வேகம் எவ்வளவு? டைப்-சி துளை இருந்தாலும் நடுத்தர விலை டேப்லெட்கள் பலவற்றில் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2.0தான். ஏட்டில் அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 25 முதல் 35 மெகாபைட் கிடைக்கும். நொடிக்கு 30 என்று வைத்தால் என் 20 ஜிபிக்குப் பதினொரு நிமிடம். எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆனது.

கேபிளின் பலவீனம், கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் இப்போது கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் எம்டிபி என்ற முறையில் இருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டில் கேபிளைச் சொருகினால் மொத்தச் சேமிப்பிடமும் பென்டிரைவ் போலக் கம்ப்யூட்டரின் கைக்குப் போய்விடும், அந்த நேரத்தில் டேப்லெட்டால் அதைத் தொட முடியாது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இதை மாற்றியது. இப்போது சேமிப்பிடம் டேப்லெட்டின் கையிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுக் கேட்டுச் செய்கிறது. பெரிய வீடியோ என்றால் இது தடையாகத் தெரியாது. நூற்றுக்கணக்கில் சின்னக் கோப்புகள் என்றால் நகரவே நகராது. நடுவில் கேபிள் ஆடினால் அந்தக் கோப்பு அரைகுறையாக நிற்கும், விட்ட இடத்திலிருந்து தொடராது. அதனால் 20 ஜிபியையும் ஒரே மூச்சில் இழுத்துப் போடாமல் ஐந்தைந்து வீடியோவாகக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் பெரிய வீடியோக்களின் கடைசி ஒரு நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.

போடும் இடம் மூவீஸ் என்ற ஃபோல்டராக இருக்கட்டும். ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் செயலிகளின் சொந்த ஃபோல்டர்களில் போட்டால், பிறகு யாராவது அந்தச் செயலியை நீக்கும்போது வீடியோவும் கூடவே அழிந்துவிடும்.

மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்குக்கு எம்டிபி இயல்பாகத் தெரியாது, ஆண்ட்ராய்டு டேப்லெட்டைச் சொருகினால் ஒன்றும் நடக்காது. ஓப்பன்எம்டிபி போன்ற இலவச மென்பொருள் வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழிக்குப் போகலாம்.

பென்டிரைவ்

கேபிளில் ஏற்றிக் கொடுத்து கோவை வந்த பத்தாம் நாள் அம்மாவிடமிருந்து போன். "பாப்பா ஆடுனது ஒண்ணு அனுப்பறேன்னு சொன்னியே கண்ணு?" அந்த வீடியோ 800 மெகாபைட். அதை அனுப்ப அங்கே லேப்டாப்பும் இல்லை, நெட்டும் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பென்டிரைவின் அருமை புரிந்தது.

ஒரு முனையில் சாதாரண யுஎஸ்பியும் மறு முனையில் டைப்-சியும் இருக்கும் பென்டிரைவ்கள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. லேப்டாப்பில் சொருகி ஏற்றி, அப்படியே திருப்பி டேப்லெட்டில் சொருகலாம். காப்பி செய்யக்கூட வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். டேப்லெட்டில் இடம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 32 ஜிபி டேப்லெட் என்று வாங்கினால் ஆண்ட்ராய்டும் செயலிகளும் பிடித்ததுபோகப் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். போனில் 1080பி தரத்தில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு 60 முதல் 130 மெகாபைட் வரை பிடிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு ஆண்டு விழாவோடு இடம் முடிந்துவிடும்.

பென்டிரைவில் தடுக்கி விழும் இடம் ஃபார்மேட்தான், அதாவது உள்ளே கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. கடையில் வாங்கும்போது பலவும் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. எல்லா டேப்லெட்டும் அதைப் படிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. 64 ஜிபி பென்டிரைவ் காலியாக இருக்கும்போதே 'கோப்பு மிகப் பெரியது' என்று விண்டோஸ் சொல்வது இதனால்தான். உடனே பலர் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடுகிறார்கள். ஏறிவிடும், ஆனால் பல ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் அதைப் படிக்காமல் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தட்டினால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். எக்ஸ்ஃபேட் முறையில் 4 ஜிபி வரம்பு கிடையாது. ஐபேடும் கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் பெரும்பாலானவையும் அதைப் படிக்கின்றன. ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு சின்ன வீடியோவைப் போட்டு அந்த டேப்லெட்டிலேயே சோதித்துவிடுங்கள். படிக்கவில்லை என்றால் ஃபேட்32க்குத் திரும்பி, பெரிய வீடியோவை ஹேண்ட்பிரேக்கில் 4 ஜிபிக்குள் சுருக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், சில டேப்லெட்களில் ஓடிஜி என்ற சுவிட்சை செட்டிங்ஸில் போய் ஆன் செய்தால்தான் பென்டிரைவ் தெரியும். சிறிது நேரம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்தும் விடும். வயதானவர்களுக்கு வாங்கும் டேப்லெட்டில் இந்தத் தொல்லை உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். பென்டிரைவ் சொருகியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது என்பதும் ஒரு குறை, துளை ஒன்றுதானே இருக்கிறது.

விலை குறைந்த பென்டிரைவில் எழுதும் வேகம் நொடிக்கு 15, 20 மெகாபைட்தான். 20 ஜிபி ஏற்ற இருபது நிமிடம் ஆகும். கேபிளைவிட மெதுவானதுதான். ஆனால் அந்த இருபது நிமிடமும் என் வீட்டில், என் நேரத்தில் ஆகிறது. அம்மா செய்ய வேண்டியது சொருகுவது ஒன்றுதான்.

மெமரி கார்டு

டேப்லெட்டில் கார்டு போடும் இடம் இருந்தால் இது நல்ல வழி. ஐபேடில் இல்லை. ஆண்ட்ராய்டில் குறைந்த விலை டேப்லெட்களில்தான் அதிகம் இருக்கிறது. கார்டை உள்ளே வைத்துவிட்டால் வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, சார்ஜ் போட்டபடியே பார்க்கலாம். குழந்தைகள் கையில் போகும் டேப்லெட்டுக்குப் பென்டிரைவைவிட இதுதான் பாதுகாப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். கார்டைப் போட்டதும் அதை உள் சேமிப்பிடமாக மாற்றவா என்று சில டேப்லெட்கள் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி மாற்றினால் கார்டு அந்த ஒரு டேப்லெட்டுக்கு மட்டும் பூட்டப்பட்டுவிடும், கம்ப்யூட்டரில் போட்டால் படிக்காது. அடுத்தது போலிக் கார்டு. 256 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கம்ப்யூட்டரும் அப்படியே காட்டும், உள்ளே உண்மையில் 16 ஜிபிதான் இருக்கும். காப்பி ஆகிவிட்டதாகவே தெரியும், பிறகு திறந்தால் வீடியோ ஓடாது. நம்ப முடியாத விலையில் கிடைத்த கார்டில் குடும்ப வீடியோவைப் போடும் முன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச விண்டோஸ் மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய கார்டுக்கு ஒரு இரவு ஆகலாம், செய்யத் தகுந்த வேலைதான்.

வைஃபை

ஒரே வீட்டில் லேப்டாப்பும் டேப்லெட்டும் இருந்து, அவ்வப்போது ஒன்றிரண்டு வீடியோ அனுப்புவதாக இருந்தால் நான் கேபிளைத் தேடுவதில்லை. லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபேட் எல்லாவற்றிலும் ஓடுகிறது. இரண்டிலும் திறந்து வைத்தால் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. கணக்கு, பதிவு எதுவும் தேவையில்லை. இணையம் இல்லாவிட்டாலும் ரூட்டர் ஓடினால் போதும். ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மட்டும் என்றால் கூகுளின் குவிக் ஷேரும் இருக்கிறது (2024 வரை நியர்பை ஷேர் என்ற பெயரில் இருந்தது அதுதான்). மேக்கிலிருந்து ஐபேடுக்கு என்றால் ஏர்டிராப் போதும், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வைஃபையின் வேகம் வீட்டுக்கு வீடு மாறும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ரூட்டர் இருக்கும் அறையிலேயே இருந்தால் கேபிளுக்கு இணையாகவும் போகும், சில டேப்லெட்களில் அதை மிஞ்சவும் செய்யும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சுவர் தாண்டி உட்கார்ந்தால் நொடிக்கு 4 மெகாபைட் வருவதே பெரிது. அந்தக் கணக்கில் 20 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும். லேப்டாப், டேப்லெட் இரண்டுமே வைஃபையில் இருக்கும்போது ஒரே வீடியோ காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, அங்கிருந்து டேப்லெட்டுக்கு இன்னொரு முறை. லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்தால் அதில் ஒரு பயணம் குறைந்து வேகம் நன்றாகவே கூடும். நடுவில் டேப்லெட் திரை அணைந்து வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூகுள் டிரைவ், வாட்ஸ்அப்

நான் முதலில் முயன்றது இதுதான், என் ஒரு வாரத்தை விழுங்கியதும் இதுதான். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நொடிக்கு 20 மெகாபிட் அப்லோட் வேகம் இருந்தால் 20 ஜிபி ஏறவே இரண்டேகால் மணி நேரம். ஏறியது அம்மா வீட்டில் இறங்க வேண்டுமே? நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா திட்டத்தில், வேறு எதற்கும் தொடாமல் இருந்தால்கூட இரண்டு வாரம் ஆகும், அதுவும் திண்ணையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு. ஐந்து நிமிடத்துக்குக் குறைவான வீடியோ ஒன்று, அதுவும் இன்றைக்கே அவர்கள் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டேப்லெட்டின் பெரிய திரையில் முகங்கள் மங்கித் தெரியும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும். உறவினர்களிடம் வீடியோ கேட்கும்போதும் இதைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் போன் மாறிவிட்டால் நமக்கு வந்த மங்கலான பிரதிதான் மிச்சமாக இருக்கும்.

ஐபேட் என்றால்

ஐபேடை விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினால் அதன் கேமராவில் எடுத்தவை மட்டுமே தெரியும், வீடியோவை இழுத்துப் போட முடியாது. ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலியைத் திறந்து, ஃபைல் ஷேரிங் பகுதியில் விஎல்சியைத் தேர்ந்தெடுத்து அதற்குள் போட வேண்டும். மேக்கில் 2019இலிருந்து இதே வேலையை ஃபைண்டரிலேயே செய்யலாம்.

நான் பரிந்துரைப்பது இதைவிட எளிது. ஐபேடில் விஎல்சியைத் திறந்து, ஷேரிங் வயா வைஃபை என்பதை ஆன் செய்தால் ஒரு முகவரி காட்டும். அதைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்தால் வரும் பக்கத்தில் வீடியோவை இழுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்த வீடியோக்கள் விஎல்சிக்குள்தான் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று யாராவது விஎல்சியை நீக்கினால் எல்லாம் போய்விடும். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் பென்டிரைவையும் ஃபைல்ஸ் செயலி படிக்கிறது. எம்பி4 என்றால் அங்கேயே ஓடும், எம்கேவி என்றால் விஎல்சிக்கு அனுப்பி ஓட்ட வேண்டும். கேபிள் வேகமும் மாடலுக்கு மாடல் வேறு. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் டைப்-சி இருந்தும் யுஎஸ்பி 2.0 வேகம்தான், 2021 ஐபேட் புரோவில் நொடிக்கு 40 ஜிகாபிட்.

நான் கடைசியில் செய்தது

டேப்லெட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டியவற்றை, அதாவது கல்யாண வீடியோவையும் அப்பாவின் இரண்டு வீடியோக்களையும், கேபிளில் ஏற்றினேன். கோப்புகளின் பெயரைத் தமிழில் வைத்து முன்னால் 01, 02 என்று எண் கொடுத்தேன், வரிசை மாறாது. அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்து எடுக்கிறார்.

மாறிக்கொண்டே இருப்பவற்றுக்கு இரண்டு 64 ஜிபி பென்டிரைவ்கள். ஒன்று அம்மாவிடம், ஒன்று என்னிடம். ஊருக்கு யார் போனாலும் என்னுடையதைக் கொடுத்தனுப்புகிறேன், அம்மாவிடம் இருப்பது திரும்பி வருகிறது. முதல் முறை போனில் "இந்தக் குச்சிய எங்க சொருகோணும்?" என்று கேட்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் ஊருக்குப் போகிறான். பாப்பா ஆடிய வீடியோவை நேற்று ராத்திரியே அதில் ஏற்றிவிட்டேன்.